பெயரைத் தொட்டால் பொருள் வரவேண்டும்!

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் ஒரு நாளில் எத்தனை முறை அழுத்துகின்றோம் என்று தாமே எண்ணிப் பாராது அழுத்தும் விசை ஒன்று உண்டு. திரையில் தெரியும் ஒரு பெயரின்மேல் இடங்காட்டியை நிறுத்தி அவ்விசையை அழுத்தினால், அப்பெயர் எங்கே வரையறுக்கப் பெற்றதோ அவ்விடம், அது வேறொரு கோப்பில் ஐயாயிரம் வரிகளுக்கு அப்பால் இருப்பினும், கண்ணிமைப்பில் முன்வந்து நிற்கும். ‘வரையறைக்குச் செல்’ என்பது அதன் பெயர்.

“இஃது நிரலர் தொழிலுக்குரிய சிறியதோர் ஏந்து, இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்பார் உளர். வேலை உண்டு, அன்பர்களே! அவ்விசை இயங்குவது பெயர் என்னும் ஒன்றை நம்பி. பெயரை முழுப்பெயராக ஏற்றால்தான் அது தாவும். பெயரை இடையில் வெட்டினால் தாவாது. ஆங்கிலப் பெயரை வெட்டாத கருவிகள் சில தமிழ்ப் பெயரை வெட்டுகின்றன. வெட்டுவதோடு அமையாது, தமிழ்ப் பெயரைப் பெயரென்றே ஏற்காத பெருவழக்கான நிரல்மொழி ஒன்றும் உண்டு. அதனை நம்மவர் பல்லாயிரவர் நாளும் எழுதிப் பிழைக்கின்றனர். வாய் திறந்து ஒரு சொல் கேட்டவர் மிகச் சிலரே.

நிரல் அறியாத அன்பர்க்காகச் சிலவற்றை முதலில் விளக்கி விடுகின்றேன். நிரல் என்பது கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுதி. அக்கட்டளைகளுள் சிலவற்றை ஒரு கட்டாகக் கட்டி, அக்கட்டுக்கு ஒரு பெயரிட்டு வைத்தால் அது செயற்கூறு. (நம் மேனிலைப் பள்ளிப் பாடநூல் ஆளும் சொல் இது, நல்ல சொல்.) வட்டி கணக்கிடும் வழியை ஓரிடத்தில் எழுதி அதற்கு ‘வட்டி’ என்று பெயரிட்டு விட்டால், பின்னர் வேண்டும் இடத்தில் எல்லாம் ‘வட்டி’ என்று அழைத்தாலே போதும். எழுதி வைத்த இடம் வரையறை. அழைக்கும் இடம் ஆட்சி. நூலாசிரியன் தான் இட்ட குறியைத் தன் நூலுள் பலவிடத்தும் எடுத்தாளுதலை நன்னூலார் முப்பத்திரண்டு உத்திகளுள் ஒன்றாக எண்ணினார். நிரலர் செய்வது அதுவே. நிரலையும் திருத்தத்தையும் எழுத உதவும் மென்பொருளைப் பதிப்பான் என்பர். நாம் பேசப் புகுந்த விசை அதில் உள்ளது.

இருபது வரி நிரலுக்கு இவ்விசை வேண்டா, கண்ணே போதும். ஆனால் ‘லினக்சு’ எனும் இயங்குதளத்தின் கருநிரல் மூன்று கோடி வரிகளுக்கும் மேற்பட்டது. அதில் ஒரு செயற்கூறு அழைக்கப் பெறுவதைக் காண்கின்றீர்கள்; அது என்ன செய்கின்றது என்று அறியாமல் ஓரடி நகர முடியாது. எந்தக் கோப்பில், எந்த வரியில் தேடுவீர்கள்?

இவ்விடர் நமக்குப் புதிதன்று. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் பாட்டால் ஆகிய நிகண்டுகள். அவை சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தன: தேவர் பெயர் ஒரு தொகுதி, மக்கள் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர் ஒரு தொகுதி. ஒரு சொல்லின் பொருள் வேண்டுமெனின் நிகண்டு முழுவதும் நெஞ்சில் இருக்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் நெட்டுருச் செய்வித்தது அதனால்தான். நெட்டுருச் செய்யாதவனுக்கு நிகண்டு பூட்டிய பெட்டி. 1594-இல் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அடுக்கியது. 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அம்முறையை முழுமையாக்கிற்று. அன்றிலிருந்து சொல்லைக் கையில் வைத்திருப்பவன் எவனும், நூல் முழுதும் கல்லாதவனாயினும், பொருளிருக்கும் இடத்துக்கு நேரே போகலாம் என்றாயிற்று. நெஞ்சிலிருந்து வரிசைக்கு வந்த அந்த மாற்றம் தமிழ்க் கல்வியில் எத்துணைப் பெரிய மாற்றம் என்பதைப் பாவாணரின் சொற்பிறப்பியல் அகரமுதலியை நாளும் புரட்டுவோர் உணர்வர்.

நிரலர் உலகில் அம்மாற்றம் நிகழ்ந்தது 1979-ஆம் ஆண்டில். கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தின் பெர்க்குலி வளாகத்தார் அவ்வாண்டு வெளியிட்ட யூனிக்சுத் தொகுப்பில் ‘சீ-டேக்சு’ என்றொரு சிறு கருவி இருந்தது. எழுதியவர் கென் ஆர்னால்டு. அதில் பாசுகல் மொழிக்கான பகுதியைச் சேர்த்தவர் பில் சாய். ‘வீ-ஐ’ எனும் பதிப்பானை ஆக்கியவரும் அவரே. அக்கருவி செய்வது மிக எளியது. எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை படிக்கும். வரையறை காணும் இடத்திலெல்லாம் பெயர், கோப்பின் பெயர், அக்கோப்பில் இடத்தைக் கண்டறியும் அடையாளம் ஆகிய மூன்றையும் ஒரு வரியாகக் குறிக்கும். குறித்தவற்றைப் பெயரின் எழுத்து வரிசையில் அடுக்கும். அவ்வளவே! நம் பதிப்பாசிரியர்கள் பழநூலின் இறுதியில் சேர்க்கும் அரும்பத முதற்குறிப்பு அகரவரிசைக்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

வரிசையின் ஆற்றலைப் பாருங்கள். 1,00,000 பெயர்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒன்றொன்றாய்த் தேடினால் ஓரிலக்கம் முறை ஒப்பிட நேரலாம். வரிசையில் இருப்பின் நடுவைப் பார், முன்னதா பின்னதா என்று தெளி, பாதியைத் தள்ளு, மீண்டும் நடுவைப் பார். பதினேழே முறையில் பெயர் அகப்பட்டு விடும். அகரமுதலியைப் பழகிய கை எவ்வாறு திறக்கின்றதோ அவ்வாறே.

வீ-ஐயின் வழிவந்த ‘விம்’ எனும் பதிப்பானில் கண்ட்ரோல் விசையோடு வலப்பக்கப் பகர அடைப்பை அழுத்தினால் வரையறைக்குத் தாவும். கண்ட்ரோலோடு ‘டி’யை அழுத்தினால் புறப்பட்ட இடத்துக்கே மீளும். இந்நாளில் பெரிதும் வழங்கும் ‘விசுவல் சுடுடியோ கோடு’ என்பதில் தாவுதற்கு எஃப்-12. இவற்றுள் மீளும் விசையே என் கருத்தில் உயர்ந்தது. போகத் தெரிந்தவனுக்குத் திரும்பத் தெரியாவிடின் ஐந்தாவது தாவலில் தான் எதைத் தேடிப் புறப்பட்டோம் என்பதையே மறந்து விடுவான். விம் ஒவ்வொரு தாவலையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வைத்திருந்து, எத்துணை தொலைவு போயிருந்தாலும் படிப்படியாய்த் திரும்பக் கொண்டு வந்து சேர்க்கின்றது.

சீ-டேக்சுக்கு ஒரு குறை உண்டு. அது பெயரின் எழுத்தை மட்டுமே அறியும். ‘தேடு’ என்ற பெயரில் ஐந்து கோப்புகளில் ஐந்து செயற்கூறுகள் இருந்தால், இங்கே அழைக்கப் பெறுவது எது என்று அதற்குத் தெரியாது. ஐந்தையும் பட்டியலிட்டு ‘நீயே தேர்ந்துகொள்’ என்று நிற்கும். நிகண்டில் இதற்குத் தனித் தொகுதியே உண்டு: ஒருசொல் பல்பொருள். இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் அறிவு வேண்டும். அவ்வறிவைப் பொதுவாக்கியது 2016 சூன் திங்களில் மைக்ரோசாப்டு, ரெட் ஏட்டு, கோடென்வி ஆகிய நிறுவனங்கள் கூடி அறிவித்த மொழிச் சேவையக நெறி. ஒவ்வொரு நிரல்மொழிக்கும் அம்மொழியின் இலக்கணத்தை முழுதறிந்த ஒரு சேவையகம், பதிப்பான் அதனிடம் “இந்தக் கோப்பில், இந்த வரியில், இத்தனையாவது எழுத்தில் இருக்கும் பெயரின் வரையறை எங்கே?” என்று கேட்கும், சேவையகம் இடத்தைச் சொல்லும். முன்னர்ப் பத்துப் பதிப்பானுக்கும் இருபது மொழிக்கும் இருநூறு இணைப்புகளை எழுத வேண்டியிருந்தது; இந்நெறியால் முப்பது போதும். எந்தப் பதிப்பானிலும் எந்த மொழிக்கும் இவ்விசை கிடைத்தற்குக் கரணியம் இதுவே.

இனி நம் சிக்கலுக்கு வருவோம்.

‘இத்தனையாவது எழுத்தில்’ என்றேன் அல்லவா? எழுத்தென்றால் எது? ‘கூட்டு’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று என் ஆறாம் வகுப்பு மாணவனைக் கேட்டால் ‘கூ, ட், டு: மூன்று’ என்பான். தொல்காப்பியர் கணக்கும் அதுவே. உலகக் கணிப்பொறிகள் ஏற்றுக்கொண்ட ஒருங்குறியின் கணக்கில் அது ஆறு: க, ஊகாரக் குறி, ட, புள்ளி, ட, உகரக் குறி. யூ.டி.எஃப்-8 எனும் முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று பைட்டாகப் பதினெட்டு. மூன்று, ஆறு, பதினெட்டு! ஆங்கிலனுக்கு இம்மூன்று கணக்கும் ஒன்றே. அவன் எழுத்தொன்று, குறியொன்று, பைட்டொன்று. ஆகவே அவன் எழுதிய கருவியில் பதிப்பான் ஒரு கணக்கும் சேவையகம் ஒரு கணக்குமாய் எண்ணினாலும் அவனுக்குப் பிழை தோன்றாது. தமிழ்ச்சொல் ஒன்று அவ்வரியில் வந்துவிட்டால் இடங்காட்டி தவறான இடத்தில் போய் நிற்கும். மொழிச் சேவையக நெறி தொடக்கத்தில் ஒரே கணக்கைத்தான் வகுத்திருந்தது. எந்தக் கணக்கு என்று இருபுறமும் பேசித் தெளியும் வழி 2022-இல் வெளிவந்த 3.17-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது.

இந்தக் கணக்குக் குழப்பத்தின் வேர் ஆழமானது. நம் இலக்கணப்படி ‘க்’ என்பதே மெய். அதனோடு அகரம் சேர்ந்தால் ‘க’. ஒருங்குறியோ ‘க’வை முதலாகக் கொண்டு, புள்ளி என்னும் குறியைச் சேர்த்து ‘க்’ ஆக்குகின்றது. தலைகீழ்! 1988-இல் இந்திய அரசு தேவநாகரியை நடுவாக வைத்து வகுத்த குறிமுறையை, 1991-இல் ஒருங்குறியார் அப்படியே எடுத்துக் கொண்டதன் விளைவு இது. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் ‘அனைத்தெழுத்துக் குறிமுறை’யைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. அது நம் இலக்கணத்துக்கு இயைந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அவ்வெழுத்துகள் ஒருங்குறியில் ‘தனியார் பயன்பாட்டுப் பகுதி’யில் அமர்ந்துள்ளன, அப்பகுதியில் இருப்பவற்றை நிரல்மொழிகள் எழுத்தென்றே மதிப்பதில்லை. உணர்ச்சிக்கு இனிது, செயற்கூற்றுக்குப் பெயரிட உதவாது. போர் நடத்த வேண்டிய களம் ஒருங்குறிக்குள்ளேயே உள்ளது.

அக்களத்தில் நிலை என்ன? பெயர்களில் எவ்வெழுத்து வரலாம் என்பதற்கு ஒருங்குறியாரே ஒரு பரிந்துரை வகுத்துள்ளனர். முதலில் எழுத்து வரவேண்டும். பின்னர் எழுத்தும் எண்ணும், எழுத்தைச் சார்ந்து வரும் குறிகளும் வரலாம் என்பது அதன் சாரம். கொம்பும் காலும் புள்ளியும் சார்குறிகள். எனவே ‘கூட்டு’ செல்லும், ‘தமிழ்’ செல்லும். சாவா தொடக்கம் முதலே இதற்கு இடந்தந்தது. பைத்தான் 2008-இல் மூன்றாம் பதிப்பில் ஏற்றது. ‘ரசுட்டு’ 2021-இல் ஏற்றது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் கற்கும் நம் பிள்ளை ‘வட்டி’ என்றே செயற்கூற்றுக்குப் பெயரிடலாம், யாரும் தடுக்கவில்லை. தடுப்பது பழக்கமே! தமிழ்வழியில் கற்கும் மாணவன் ஒருவனின் நிரலில் ‘கால்க்’ என்றொரு பெயரைக் கண்டு, இதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். “புத்தகத்தில் அப்படித்தான் ஐயா இருந்தது” என்றான். அவன் செய்தது பரப்பளவு காணும் கணக்கு. ‘பரப்பு’ என்று மாற்றச் சொன்னேன். மறுநாள் தன் நிரலை வேறொரு மாணவனுக்கு அவனே விளக்கிக் கொண்டிருந்தான்.

ஆனால் கூகுள் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ‘கோ’ எனும் மொழியைப் பாருங்கள். இக்காலத்துப் பெருங்கட்டமைப்புகளான தாக்கரும் குபர்நெட்டீசும் அதில் எழுதப் பெற்றவை. அம்மொழியின் நெறி: பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே வரலாம், சார்குறி வரக்கூடாது. விளைவு என்ன? கிரேக்கன் தன் மொழியில் பெயரிடலாம். உருசியன் இடலாம். சீனன் இடலாம். தமிழன் இட முடியாது! கொம்பைக் கண்டதும், காலைக் கண்டதும், புள்ளியைக் கண்டதும் ‘பெயருள் செல்லாத குறி’ என்று நிரல்பெயர்ப்பி மறுத்து விடும். ‘பல’ என்று பெயரிடலாம். ‘சில’ என்று பெயரிட முடியாது. சிகரத்தில் கொக்கி இருக்கின்றதாம்! ‘உலக’ செல்லும், ‘உலகம்’ செல்லாது. ‘அறம்’ செல்லாது. ‘தமிழ்’ செல்லாது. ஓலைச்சுவடிக் காலத்தில் புள்ளியை மட்டும்தான் விட்டெழுதினார்கள். கொம்பையும் காலையும் விடச் சொன்னவர் எவரும் இலர். எல்லாவற்றினும் நகைப்புக்குரியது: ‘கோ’ என்னும் பெயரே கோ மொழியில் செல்லாது!

இஃது அறியாமல் நேர்ந்ததும் அன்று. சார்குறிகளை எண்ணியே விலக்கினோம், அதனால் தேவநாகரி போன்றவை விடுபடுகின்றன என்று அம்மொழியாரே தம் வினாவிடைப் பகுதியில் எழுதி வைத்துள்ளனர். நெறி எளிமையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் கரணியம். யாருக்கு எளிமை? இந்தி, வங்கம், மலையாளம், பர்மியம், தாய்லாந்து மொழி, கெமர் என்று சார்குறி கொண்டு எழுதும் கோடிக்கணக்கான மக்கள் வெளியே நிற்க, உள்ளே இருப்போர்க்கு எளிமை! இதில் வியப்பு என்னவெனில், கோவை ஆக்கிய மூவருள் கென் தாம்சனும் இராபு பைக்கும் 1992-இல் யூ.டி.எஃப்-8 முறையை வகுத்தவர்கள். உலகின் எல்லா எழுத்தையும் ஒரே கோப்பில் வைக்க வழிகண்ட அதே கைகள், பெயரிடும் உரிமையில் மட்டும் பாதி உலகை மறந்தன. அவர்கள் திறத்தை யான் குறைத்து மதிப்பிடவில்லை, அந்த யூ.டி.எஃப்-8 இல்லையேல் நம் எழுத்து இன்று இவ்வளவு எளிதாக வலம் வராது. ஆனால் முறைகேடு முறைகேடே.

அவர்கள் பக்கம் ஓர் உண்மையான இடர் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே எழுத்தை ஒருங்குறியில் இருவகையாய் எழுதலாம். ‘கோ’வைக் ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டாக வைக்கலாம்; ககரம், இரட்டைக் கொம்பு, கால் என மூன்றாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கண்ணால் வேறு காண இயலாது. ஓரிடத்தில் முதல்வகையாய் வரையறுத்து, வேறிடத்தில் இரண்டாம் வகையாய் அழைத்தால், குறிகளை மட்டும் ஒப்பிடும் கருவி ‘இப்பெயரை யான் அறியேன்’ என்று கைவிரிக்கும். சாவாவிலும் சாவாசுகிரிப்டிலும் இன்றும் அப்படித்தான். ஔகாரம் இன்னும் கொடியது: ‘ஔ’ என்னும் ஓரெழுத்தும், ‘ஒ’வும் ‘ள’வும் பக்கத்தில் நிற்பதும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்று, இதனை எந்த நெறியும் ஒன்றாக்காது, எழுதுவோனின் இலக்கண அறிவே காக்கும். ஆயினும் முன்னதற்கு வழி இல்லாமலில்லை. ஒப்பிடுமுன் எல்லாப் பெயரையும் ஒரே வகைக்கு மாற்றி விடுவதே வழி. பைத்தான் அதைச் செய்கின்றது. ரசுட்டு அதைச் செய்கின்றது. இருவர் செய்யக்கூடியதை மூன்றாமவர் ஏன் செய்யக்கூடாது?

பைத்தானையும் முழுதும் புகழ்வதற்கில்லை. பெயரில் ‘தமிழ்’ என்று எழுத இசையும் அதே மொழி, தன்னுடன் தரும் தேடற்கோலத் தொகுதியில் சொல்லெழுத்தைக் குறிக்கும் குறியால் ‘தமிழ்’ என்பதைத் தேடினால் அதனை முழுச்சொல்லாக எடுக்காது. ‘தம’ என்றும் ‘ழ’ என்றும் இரு துண்டாக்கிக் கையில் தரும். கொக்கியும் புள்ளியும் கீழே விழுந்து விடுகின்றன. நம் இளைஞர்கள் தாமே சிறு கருவிகள் எழுதி, நிரலில் உள்ள செயற்கூற்றுப் பெயர்களைப் பட்டியலிட முனையும்போது இங்கேதான் வழுக்கி விழுகின்றனர். பட்டியலில் பெயர் பாதியாய் இருந்தால் தாவல் எப்படி வாய்க்கும்? சாவாசுகிரிப்டில் அதே குறி தமிழெழுத்து எதையுமே சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை.

“இவ்வளவு தொல்லை எதற்கு? பெயர்களை ஆங்கிலத்திலேயே வைத்தால் என்ன? உலகம் படிக்குமே!” என்பர் நம்மவருள் சிலர். உலகுக்கென்று எழுதும் நிரலை உலகு படிக்கும் மொழியில் எழுதுங்கள், யான் மறுக்கவில்லை. ஆனால் சிற்றூர்க் கூட்டுறவுக் கடைக்கும் பள்ளி வருகைப் பதிவுக்கும் எழுதும் நிரலை எந்த உலகம் வந்து படிக்கப் போகின்றது? படிக்கப் போகின்றவன் அடுத்த ஆண்டு அவ்வேலைக்கு வரும் தமிழ்ப்பிள்ளை. குடும்ப உறவைப் பதியும் நிரல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெரியப்பன், சிற்றப்பன், தாய்மாமன், அத்தையின் கணவன் ஆகிய நால்வர்க்கும் ஆங்கிலத்தில் பெயர் ஒன்று, ‘அங்கிள்’. நான்கு வரையறைக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டு, பின்னர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுக் கொண்டு திண்டாடுவானேன்? நன்செய்யும் புன்செய்யும் அப்படியே.

வேறு சிலர் ஆங்கிலமும் வேண்டா, தமிழெழுத்தும் வேண்டா என்று தமிழ்ச்சொல்லை உரோமன் எழுத்தில் எழுதுகின்றனர். இது இரண்டினும் கேடு. ‘கூட்டு’ என்பதை ஒருவன் இரண்டு ‘ஓ’ இட்டு எழுதுவான். ஒருவன் இரண்டு ‘யூ’ இடுவான். மற்றொருவன் ஒன்றோடு நிறுத்துவான். ழகரத்துக்கு ஒருவன் இசட்டும் எச்சும். ஒருவன் வெறும் எல். பெயரைத் தட்டித் தேட முனைந்தால் எழுதியவன் எதைக் கருதினான் என்று குறி கேட்கப் போக வேண்டும். தமிழெழுத்தில் ‘கூட்டு’ என்பதற்கு ஒரே வடிவம்.

விசைப்பலகையை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றி மாற்றித் தட்டுவது தொல்லைதான், மெய். ஆனால் நாம் பேசும் விசைக்குப் பெயரைத் தட்டவே வேண்டா. பெயரின்மேல் நின்று அழுத்தினால் போதும். எழுதும்போதும் முதல் இரண்டெழுத்தைத் தட்டினால் எஞ்சியதைப் பதிப்பானே நிரப்பித் தருகின்றது.

நிரல்மொழியின் கட்டளைச் சொற்களையே தமிழாக்கிய முயற்சியும் உண்டு. முத்து அண்ணாமலை அவர்கள் ஆக்கிய ‘எழில்’ அத்தகையது. அதில் செயற்கூறு ‘நிரல்பாகம்’ என்று தொடங்கி ‘முடி’ என்று முடியும். (‘பாகம்’ என்பதைப் ‘பகுதி’ என்றிருக்கலாம், அது கிடக்க.) தொடக்கக் கல்விக்கு அது பெருந்துணை. ஆயினும் கோ மொழியின் கட்டளைச் சொற்கள் 25, பைத்தானில் 35. இவற்றை ஒருவன் ஒரு கிழமையில் படித்து விடுவான். பெயர்களோ ஆயிரக்கணக்கில் நிரலெங்கும் நிறைந்து, நிரலின் கருத்தையே சுமப்பவை. தமிழ் நுழைய வேண்டிய இடம் பெயரே. அதற்கு நம் மொழி இயல்பாகவே பொருந்தி வந்துள்ளது: நம் வினைப்பகுதியே ஏவலாகவும் நிற்கும். கூட்டு, வகு, தேடு, அடுக்கு, திற, மூடு! செயற்கூற்றுக்கு இவற்றினும் சுருக்கமான பெயர் எம்மொழியில் உண்டு?

பெயரிடுவோர்க்குப் புணர்ச்சி பற்றி ஒன்று. ‘வரிக்கணக்கு’ என்று ஒருவரும் ‘வரிகணக்கு’ என்று ஒருவரும் எழுதினால் நாம் ஒன்றெனக் கொள்வோம், பொறி கொள்ளாது. ஒற்று மிகுமிடத்தில் மிகுவித்தே எழுதுக. ஒருமுறை எழுதியதை நிரல் முழுதும் அப்படியே எழுதுக. ஒற்றுப்பிழையைப் பொறியே தண்டிக்கும் இடம் இஃதொன்றே. தமிழாசிரியனுக்கு இது ஒருவகை மகிழ்ச்சி.

தமிழ இளைஞர்களே! நிரலெழுதும் தொழிலில் நீங்கள் உலகெங்கும் இருக்கின்றீர்கள். உங்கள் பதிப்பானில் ‘தமிழ்’ என்றொரு செயற்கூற்றைப் பைத்தானில் வரையறுத்து, வேறு கோப்பிலிருந்து அழைத்து, தாவுவிசையை அழுத்திப் பாருங்கள். பெயர் முழுவதும் ஒன்றாய்த் தெரிவாகின்றதா, பாதியில் நிற்கின்றதா? இடங்காட்டி செவ்வையான எழுத்தில் இறங்குகின்றதா? ‘கோ’வை இருவகையாகவும் எழுதிப் பாருங்கள். பிழை கண்டால் அக்கருவியை ஆக்கியோர்க்கு எழுதுங்கள். பல கருவிகள் திறந்த முறையில் உள்ளவை, திருத்தத்தை நீங்களே செய்தும் அனுப்பலாம். கோ மொழியார்க்கு எழுதும்போது இரக்க வேண்டா. ஒருங்குறியாரின் பரிந்துரையைப் பின்பற்றுங்கள், பைத்தானும் ரசுட்டும் செய்ததைச் செய்யுங்கள் என்று கேளுங்கள். பேரெழுத்தில் தொடங்கும் பெயரே தன் தொகுப்புக்கு வெளியே செல்லும் என்று அவர்கள் வைத்திருக்கும் நெறியால், பேரெழுத்தே இல்லாத நம் மொழியின் ‘பல’வும் ‘உலக’வும்கூட வெளியே செல்ல இயலாமல் கிடப்பதையும் சேர்த்து எழுதுங்கள். எடுத்துக்காட்டுக்கு ஒரு பெயர் வேண்டுமெனின் ‘கோ’ என்பதையே வையுங்கள். அரசன் என்பது அதன் பொருள் என்றும், அவர்கள் மொழியின் பெயரைத் தமிழில் எழுதினால் அதுவே வரும் என்றும், தம் பெயரைத் தாமே ஏற்க மறுக்கும் மொழி அது என்றும் கீழே ஒரு வரி குறித்து விடுங்கள்.